முதல் பரிசு வாங்கிய இருமல்

பாப்பா, தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கேட்டது பாப்பாதான். அடுத்த வாரம் காலேஜில் பேச வேண்டும், நல்ல பேச்சுக்கு எப்படித் தயார் செய்வது என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி எழுந்து வெளியே போய்விட்டேன். பத்தாவதோடு நின்றவரிடம் போய்க் கேட்கிறாயே என்று தம்பி சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது. சிரித்ததில் தப்பில்லை. ஆனால் நானும் ஒரு தடவை மேடையில் பேசியிருக்கிறேன். முதல் பரிசும் வாங்கினேன். உங்கள் அம்மாவுக்கே இதில் பாதிதான் தெரியும்.

காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது, உட்கார இடம் கிடைக்கிற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். வண்டி ஆடுவதால் எழுத்து கோணலாக இருக்கும். படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஒன்பதாவது. ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்புப் பக்கம் லைன் வீட்டில் இருந்தோம். லைன் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு, நடுவில் மூங்கில் தட்டி. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். எங்கள் காலத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். உங்கள் தாத்தாதான் எனக்கு நைனா. தங்கச் சுரங்கத்தில் ட்ரில்லர் வேலை, பாறையில் மெஷின் வைத்துத் துளை போடுவது. சங்கு ஊதும் முன்னால் எழுந்து, பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டுப் போவார். ஷிப்ட் முடிந்து வந்து குளித்த பிறகும் அவர் மேல் ஈரக்கல்லும் வெடிமருந்தும் கலந்த ஒரு வாசனை இருக்கும். எனக்கு அது பிடிக்கும். வேறு எந்த மனுஷரிடமும் அந்த வாசனையை நான் பார்த்ததில்லை.

அம்மாவின் தம்பி ஒருவர் இருந்தார். நீங்கள் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எனக்கு மாமா. அவருக்கும் அதே சுரங்கத்தில் கல் ஏற்றிய டிராம் வண்டி தள்ளுகிற வேலை. பக்கத்து லைனில் சிநேகிதர்களோடு தங்கிக்கொண்டு எங்கள் வீட்டில் சாப்பிடுவார். கபடியில் பெரிய ஆள். எதிர்க்கட்டத்துக்குள் போனால் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே இருப்பார், எதிராளிகளுக்குத்தான் மூச்சு வாங்கும். ஒரு தடவை ஆட்டத்தில் தோள்பட்டை எலும்பு முறிந்து, கூடும்போது சற்று மேடாகவே கூடிவிட்டது. அந்தத் தை மாதம் அவருக்கும் என் அக்காவுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. அதனால் மாமா சாப்பிட வந்தால் அக்கா சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அங்கிருந்தே குழம்பில் உப்பு சரியா என்று என்னை விட்டுக் கேட்பாள்.

நைனாவுக்குக் கல்தூசி ஏறி நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். வருஷத்துக்கு ஒரு தடவை கீழே இறங்கும் ஆட்களை எல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு நெஞ்சைப் படம் எடுப்பார்கள். படத்தில் கறை தெரிந்தால் கீழே விட மாட்டார்கள், தரைக்கு மேலே சர்பேஸ் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். இதில் என்ன கெடுதல் என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றைக்கு லைனில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. மேலே ஏற்றப்பட்ட ஆள் ஒரு வருஷம் தாங்க மாட்டான் என்பதுதான் எங்கள் ஜனங்களின் கணக்கு. இத்தனை வருஷம் கீழே இருந்த சூட்டுக்குப் பழகிய நெஞ்சு, மேல்காற்றுப் பட்டால் உடைந்துவிடும் என்பார்கள். உதாரணத்துக்கு நாலு பேரைக் காட்டுவார்கள். அந்த நாலு பேரும் மேலே வந்த வருஷத்திலேயே செத்தது உண்மைதான். தள்ளாடி விழுகிற நிலைமை வரும்வரை மறைத்து மறைத்துக் கீழே போய்க்கொண்டிருந்தார்கள், அதனால் செத்தார்கள். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு எவருக்கும் தோன்றவில்லை.

அதனால் லைனில் ஒரு வழக்கம் உண்டு. நெஞ்சு கெட்டவன் தன் டோக்கனை நெஞ்சு நல்லா இருக்கிறவனிடம் கொடுத்து அனுப்புவான். டோக்கன் என்பது நம்பர் அடித்த பித்தளை வில்லை. ஆஸ்பத்திரியில் நம்பரைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நைனாவின் டோக்கனை எடுத்துக்கொண்டு இரண்டு வருஷமாக மாமாதான் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என் நெஞ்சு லைனுக்கே பொதுக் கொழாய் மாதிரி ஆயிடுச்சுக்கா. யார் வேணா வந்து புடிச்சிகினு போலாம்" என்று சாப்பிடும்போது சொல்வார். அம்மா சிரிப்பாள். நைனா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

மழை விட்டுக் குளிர் தொடங்கிய சமயத்தில் பாதுகாப்பு வாரம் வந்தது. சுரங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைப்பார்கள். 'என் தந்தையின் பாதுகாப்பு' என்பது தலைப்பு. தமிழய்யா என்னைத் தேர்ந்தெடுத்தார். எனக்குக் குரல் இருந்தது என்பதற்காக இல்லை, பயந்து ஓடாமல் நின்றேன் என்பதற்காக.

இரண்டு நாளில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பாதுகாப்பே மனிதனின் பெருஞ்செல்வம், கவனமே காவல் தெய்வம் என்று, சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் வரிசையாக அடுக்கினேன். குழாயடிக்குப் பின்னால் ஒரு இடிந்த சுவர் இருந்தது. அதன் முன்னால் நின்று பேசிப் பழகினேன். மாமா ஒரு நாள் குளிக்கப் போகிற வழியில் நின்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து என்னை மைக்கு என்று கூப்பிட ஆரம்பித்தார். "இன்னாடா மைக்கு, செவுரு கை தட்டுச்சா?" என்பார். தமிழய்யா கேட்டுவிட்டு, இதையே இன்னும் இருபது பேர் பேசப் போகிறார்கள் என்றார். உன் வீட்டிலிருந்து ஒன்று எடுத்து வா, பார்த்த ஒன்று, கேட்ட ஒன்று, அதை மட்டும் சொல், ஜனங்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள் என்றார். பாப்பா, இது சரியான யோசனை. இன்றைக்கும் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

வீட்டில் அக்காதான் எனக்குச் சபை. எட்டாவதோடு நின்றவள், ஆனால் எது நன்றாக இருக்கிறது, எது இழுக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வெங்காயம் அரிந்துகொண்டே கேட்பாள். இங்க தூக்கம் வருது என்பாள், அந்த வரியை அடிப்பேன். இப்படியே ஒன்றரைப் பக்கமும் போய்விட்டது. வீட்டிலிருந்து எதை எடுப்பது என்று இரண்டு பேரும் யோசித்தோம். ஹெல்மெட்டைச் சொல்லலாம், பூட்ஸைச் சொல்லலாம். எதுவும் ஒட்டவில்லை.

"நைனா இருமுறத சொல்லேன்டா. சொல்லாத, இருமியே காட்டு" என்றாள்.

இருமிக் காட்டினேன். நைனாவின் இருமலுக்கு ஒரு கணக்கு உண்டு. சின்னதாக மூன்று வரும். பிறகு நின்றுவிடும், சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கிற அளவுக்கு நிற்கும். அப்புறம்தான் அடிவயிற்றிலிருந்து பெரியது கிளம்பி, முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டு போகும். நான் அந்த இடைவெளி வரைக்கும் சரியாகச் செய்தேன். அக்கா கண்ணில் வெங்காயத் தண்ணீரோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுபடி செய்தேன், இன்னும் நன்றாக வந்தது.

வெளியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். கையில் வெந்நீர்ச் சொம்பு. நைனா எதற்கு இந்நேரத்தில் ஷிப்டிலிருந்து வந்துவிட்டார் என்று நினைத்து ஓடி வந்திருக்கிறாள். உள்ளே எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். சொம்பைக் கீழே வைக்கக்கூட இல்லை, நின்றபடியே இருந்தாள்.

"அந்த மனுசன் இருமலு உங்களுக்கு வேடிக்கையாவா கீது?" என்றாள்.

இனிமேல் செய்ய மாட்டோம் என்றோம். அப்புறம் இடிந்த சுவருக்குப் பின்னால் போய்ப் பழகினேன். அக்கா தண்ணீர் எடுக்கிற சாக்கில் வந்து கேட்டாள்.

போட்டி நடந்த கூடத்தில் மெழுகு வாசனை அடித்தது. சிமெண்டுத் தரைக்கு அப்படிப் பளபளப்பு ஏற்றியிருந்தார்கள். முன்வரிசையில் ஆபீசர்கள், ஆஸ்பத்திரி டாக்டர். பின்னால் பெஞ்சுகளில் எங்கள் ஜனங்கள். நைனா ஷிப்டில் இருந்தார். மாமா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். அக்காவும் அம்மாவும் பெண்கள் பக்கத்தில் நின்றார்கள். எனக்கு முன்னால் பேசிய பிள்ளைகள் எல்லாரும் பாதுகாப்பே பெருஞ்செல்வம் என்றார்கள். தமிழய்யா சொன்னது சரி.

நான் மேடை ஏறி வணக்கம்கூடச் சொல்லவில்லை. இருமினேன். சின்னதாக மூன்று. நிறுத்தினேன். கூடத்தில் யாரோ தண்ணீர் கொடுக்க எழுந்தார்கள். அப்போது பெரியதை எடுத்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நைனா செய்கிற மாதிரியே கடைசியில் நெஞ்சைக் கையால் தடவினேன். பிறகு நிமிர்ந்து பேசினேன்.

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கிறது ஐயா. இது என் தந்தையின் இருமல். எங்கள் வீட்டில் தினமும் இதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறோம். தலையில் கல் விழக் கூடாது என்று ஹெல்மெட் கொடுத்திருக்கிறீர்கள். காலில் கல் விழக் கூடாது என்று பூட்ஸ் கொடுத்திருக்கிறீர்கள். நெஞ்சுக்குள் விழுகிற கல்லுக்கு அவர் என்ன போட்டுக்கொள்வார்?"

இன்னும் பேசினேன். இவ்வளவுதான் நினைவில் இருக்கிறது. முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. அத்தனை பெரிய மனுஷர்களை என் வாய் அப்படி நிறுத்தி வைத்திருக்கிறது என்று எனக்குள் ஒரு சந்தோஷம் ஏறியது. பொய் சொல்லக் கூடாது, அந்த மாதிரி சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை. நைனாவை அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை.

பரிசு நாலு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். டாக்டர்தான் கொடுத்தார். நல்ல மனுஷர். கன்னடக்காரர், தமிழ் மெதுவாகப் பேசுவார். குனிந்து என் தோளில் கை வைத்து, அப்பாவின் டோக்கன் நம்பர் தெரியுமா என்று கேட்டார்.

லைன் பிள்ளைகளுக்கு அந்த நம்பர் தெரியாமல் இருக்காது. கீழே பாறை வெடித்துப் பூமி குலுங்கினால் எல்லாரும் ஆட்கள் கீழே இறங்குகிற ஷாப்ட் வாசலுக்கு ஓடுவோம். அங்கே மாட்டிக்கொண்டவர்களின் பெயரைப் படிக்க மாட்டார்கள், நம்பரைத்தான் படிப்பார்கள். பேச்சு வந்த கையோடு எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கேட்டதும் நான் மனப்பாடமாகச் சொன்னேன், சத்தமாக. இன்னொரு தடவையும் சொன்னேன். டாக்டர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

பின்வரிசையில் மாமா அதுவரைக்கும் விசில் அடித்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கும்போது கையைக் கீழே விட்டுவிட்டு நின்றார்.

மூன்றாம் நாள் நைனாவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். டோக்கனை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு ஆளே வந்து கையோடு அழைத்துப் போனான். புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். புதியதில் நெஞ்சு முழுக்கக் கறை. பழையதில் கறை இல்லை, ஆனால் தோள்பட்டை எலும்பு முறிந்து கூடியிருந்தது. நைனாவுக்கு எலும்பு எங்கேயும் முறிந்ததில்லை. டாக்டருக்கு நைனாவைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் நினைப்பு. அவர் அதை எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்பினார், அப்புறம் அது அவர் கையில் இல்லை. பழைய படத்தில் இருப்பவன் யார் என்று விசாரணை வைத்தார்கள். நைனா இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. நைனாவையும் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு வந்ததும் மாமா தானாகவே போய்ச் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினார்.

மாமாவுக்கு வேலை போயிற்று. நைனாவை மேலே ஏற்றி, விளக்குகளுக்குச் சார்ஜ் போடுகிற அறையில் உட்கார வைத்தார்கள். லைனில் ஒவ்வொருவராக வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாவு வீட்டுக்கு வருகிற மாதிரிதான் வந்தார்கள், நைனா உயிரோடு பாயில் உட்கார்ந்திருக்கும்போதே. அம்மா அந்த டிபன் கேரியரில் ஒரு நாள்கூடச் சோறு கட்டவில்லை. தமிழய்யா என்னைப் பார்த்தால் வகுப்பில் வேறு பக்கம் பார்த்துப் பாடம் நடத்துவார்.

நைனா அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்கறைக்குப் போன முதல் நாள் திரும்பி வந்து, சாப்பிட்டு, கை கழுவும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நல்லா பேசினியாமே. எல்லாரும் சொல்லிகினு கீறாங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சைப் பற்றி அவர் என்னிடம் பேசவில்லை.

கல்யாணத்தை நிறுத்தியது மாமாதான். வேலை இல்லாவிட்டால் என்ன, பொண்ணு உனக்குத்தான் என்று நைனா சொல்லிப் பார்த்தார். எனக்காகத்தானே உன் வேலை போனது என்று அழுதார். மாமா கேட்கவில்லை. தனக்கே சோறு போட வழியில்லாதவன் அக்கா மகளை எங்கே கூட்டிப்போவான் என்றார். மாலூர் தாண்டி ஒரு கல் குவாரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினார். ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு வரை நான் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாகக் கை நீட்டி என் காதைப் பிடித்தார்.

"இன்னாடா மைக்கு, மூஞ்சிய அப்படி வச்சிகினு கீற? நீ பொய்யா சொன்ன? எல்லாம் நெசந்தானே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பஸ் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றேன். இருமியே காட்டு என்று சொன்னது அவள் என்பதை அவளும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அடுத்த வருஷம் அவளை ஆம்பூர் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பாத்திரங்களோடு அந்த டிபன் கேரியரையும் அம்மா வைத்து அனுப்பிவிட்டாள். வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை.

பாப்பா, உனக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன் வீட்டிலிருந்து ஒன்று எடு, பார்த்ததைச் சொல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்து. எல்லாம் சரி. ஆனால் நீ எடுக்கப் போவது யாருடையது என்று பார். அவரிடம் போய், இதைச் சொல்லட்டுமா என்று முதலில் கேள். வேண்டாம் என்றால் பாதுகாப்பே பெருஞ்செல்வம் என்று பேசிவிட்டு இறங்கிவிடு. பரிசு போனால் போகட்டும்.

நைனா ஒரு வருஷம் தாங்க மாட்டார் என்றார்களா, எழுபத்தோரு வயது வரை இருந்தார். சுரங்கத்தையே மூடினார்கள், அதற்குப் பிறகும் இருந்தார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெயில் காய்ந்தார். அன்றைக்கு மேலே ஏற்றியிராவிட்டால் நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்க மாட்டார் என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னார். அப்படியானால் நான் செய்தது நல்லதா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். யோசிக்கும்போதெல்லாம் மாமா வந்து நிற்பார்.

சுரங்கத்தில் துளை போடும்போது தூசி அடங்கத் தண்ணீர் விட்டுப் போடுவார்கள், அப்படியும் நைனாவின் நெஞ்சு அந்தக் கதி. குவாரியில் அந்தத் தண்ணீரும் கிடையாது. மாமா அங்கே பதினாறு வருஷம் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வருவார். ஒவ்வொரு வருஷமும் வாசலிலிருந்து உள்ளே வருவதற்கு முன் கொஞ்சம் நேரம் நிற்க ஆரம்பித்தார். ஊரைப் பார்க்கிறார் என்று அம்மா நினைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

செய்தி வந்தபோது அடக்கமே முடிந்துவிட்டது. அங்கே ஆள் செத்தால் காத்திருக்க மாட்டார்கள். நைனா கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். ஆம்பூருக்குப் போன் போட்டு அக்காவிடம் சொன்னேன். பின்னால் குக்கர் சத்தம் வந்தது. பிறகு, "நீ போய் பாத்துட்டு வா" என்றாள்.

நான் மட்டும் போனேன். மேஸ்திரி மண்மேட்டைக் காட்டினார், அவர் தங்கியிருந்த தகரக் கொட்டகையைக் காட்டினார், வேலை இருக்கிறது என்று போய்விட்டார். உள்ளே ஒரு பாய், ஒரு ஸ்டவ், மாத்திரை அட்டைகள். வெளியே கொடியில் ஒரு சட்டை தொங்கியது. தொட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது, கல்மாவு ஏறி.

அதை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். வாளியில் முக்கிப் பிழிந்தேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. கொட்டிவிட்டு மறுபடி முக்கினேன். மூன்றாவது வாளி, நாலாவது வாளி. ஆறாவது வாளியிலும் வெள்ளையாகத்தான் வந்தது. அப்புறம் எண்ணவில்லை. விரல் ஊறிச் சுருங்கிய பிறகு ஒரு தடவை தெளிந்த தண்ணீர் வந்தது. சட்டையை உதறி, காலரைச் சரிசெய்து, இருந்த கொடியிலேயே போட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.